என் கருவிப் பெட்டி

மணலூர்பேட்டை மாணவி, பன்னிரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நமக்குத் தரப்படும் படிவத்தில் ‘பொழுதுபோக்கு’ என்று ஒரு கட்டம் உண்டல்லவா? தபால்தலை சேகரித்தல், பூவேலை, கோலம், கதைப் புத்தகம் என்று நீங்கள் எழுதுவீர்கள். நான் ‘கருவிகள் சேகரித்தல்’ என்று எழுதினேன். வகுப்பாசிரியை படித்துவிட்டு, “வீணையா, வயலினா?” என்று கேட்டார். “இல்லை டீச்சர், சால்ட்ரிங் அயன், மல்டிமீட்டர், குறடு…” என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அன்று சிரித்தவர்களுள் மூவர் இன்று என்னோடு சேர்ந்து ஓர் ஆசிலாஸ்கோப்புக்குப் பங்குதாரர்கள்! அந்தக் கதை பின்னால் வரும்.

எங்கள் ஊர் மணலூர்பேட்டை. 2019-ஆம் ஆண்டில் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணையாற்றின் கரையில் இருக்கிறது. தை மாதம் ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எங்கள் ஆற்றுக்கு எழுந்தருளுவார். அன்று ஆற்று மணலே கடைத்தெருவாகிவிடும். கரும்பு, பலூன், வளையல், பொரி, கடலை! அவற்றுக்கு நடுவே தார்ப்பாயை விரித்து, ஸ்பேனர், திருப்புளி, சுத்தியல், குறடு எல்லாவற்றையும் குவித்து வைத்திருப்பார் ஒரு வியாபாரி. ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில், வளையல் வாங்க அம்மா கொடுத்த பணத்தில் அவரிடம் ஒரு நோஸ் பிளேயர் வாங்கினேன். எப்படிப் பார்த்து வாங்குவது என்று பெரியப்பா முன்பே சொல்லியிருந்தார். குறட்டை மூடி வெயிலுக்கு நேரே பிடிக்க வேண்டும். மூக்கு நுனியில் வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிட வேண்டும். அந்த நுனியால் மெல்லிய கம்பியைப் பிடிக்கவே முடியாது. பதினான்கு குறடுகளை வெயிலில் தூக்கித் தூக்கிப் பார்த்து, பதினைந்தாவதை எடுத்தேன். “பாப்பா, வாங்குறியா இல்லே வெயில் காயறியா?” என்றார் வியாபாரி. அந்தக் குறடு இன்னும் என்னிடம் இருக்கிறது.

பெரியப்பா 1983 முதல் 2024 வரை எங்கள் கடைத்தெருவில் வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அந்நாளில் ஒரு கருவி வாங்க வேண்டுமானால் சென்னைக்குத்தான் போக வேண்டும். இரவுப் பேருந்தில் ஏறி விடியற்காலையில் இறங்கி, அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவுக்குப் போய்க் கடை திறக்கும்வரை காத்திருப்பாராம். மும்பைக்கு லாமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு, டெல்லிக்கு லஜபத்ராய் மார்க்கெட் எப்படியோ, அப்படி நமக்கு ரிச்சி தெரு. அதையும் ஒட்டிய நரசிங்கபுரம் தெருவையும் சுற்றினால் மின்னணுப் பொருளில் கிடைக்காதது இல்லை என்பார். பணம் குறைவாக இருந்தால் சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட். 1900-இல் திறக்கப்பட்ட அந்தச் சந்தையில் பழைய புத்தகம் முதல் பழைய மின்விசிறி வரை எல்லாம் விலைக்கு வரும். 1984-இல் அங்கேதான் அவர் வால்வு போட்ட சிக்னல் ஜெனரேட்டர் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிச் சாக்கில் கட்டித் தோளில் தூக்கி வந்தார். மறு ஆண்டு மே 30-ஆம் நாள் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. செய்தித்தாளில் அதைப் படித்த அன்று, “நம்ம ஜெனரேட்டர் தப்பிச்சு வந்துடுச்சு” என்று பெரியம்மாவிடம் சொன்னாராம்.

கருவி வாங்குவதற்குப் பெரியப்பா ஒரு விதி வைத்திருந்தார். “ஆசைக்கு வாங்காதே. வேலை வந்து கதவைத் தட்டட்டும். அது இல்லாமல் மூன்று தடவை தவித்த பிறகு வாங்கு” என்பார். நல்ல விதிதான். ஆனால் இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஏன் என்று இறுதியில் உங்களுக்கே விளங்கும்.

அவர் கடையில் என்னை முதலில் கவர்ந்தது விலை கொடுத்து வாங்கிய கருவியே அல்ல. ஒரு மரப்பலகை, ஒரு பல்பு ஹோல்டர், ஒரு பிளக் சாக்கெட், கொஞ்சம் வயர், அவ்வளவுதான். ‘சீரிஸ் போர்டு’ என்பார்கள். 100 வாட் குண்டு பல்பு ஒன்று மின்சாரம் வரும் வழியில் தொடராக இணைந்திருக்கும். பழுதான மிக்சியையோ வானொலியையோ நேராகச் சுவர் பிளக்கில் செருகாமல் இந்தப் பலகையில் செருகுவார். பல்பு முழுப் பிரகாசத்துடன் எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று பொருள். மங்கலாக எரிந்தால் மின்சாரம் ஓரளவு ஓடுகிறது. எரியவே இல்லையென்றால் எங்கோ கம்பி அறுந்திருக்கலாம். உள்ளே முழு ஷார்ட்டே ஆனாலும் 230 வோல்ட்டில் 100 வாட் பல்பு அரை ஆம்பியருக்கும் குறைவாகத்தான் மின்சாரத்தை விடும். ஆகையால் ஃபியூஸ் போகாது, பொருளும் கருகாது. என்ன எளிமை, என்ன பாதுகாப்பு! 2006-க்குப் பின் அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகளும், 2011-க்குப் பின் வந்த விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறிகளும் பழுதாகி எங்கள் கடைக்கு வந்தபோது எல்லாவற்றுக்கும் முதல் பரீட்சை இந்தப் பலகையில்தான் நடந்தது. இப்போது குண்டு பல்பு கிடைப்பதே அரிதாகிவிட்டது. எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது. அதனால் பெரியப்பா ஆறு குண்டு பல்புகளைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் பத்திரப்படுத்தினார். அவற்றுள் இரண்டு இப்போது என்னுடையவை. (தோழியரே, சுவர் மின்சாரத்தைத் தொடும் எதையும் பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் செய்யாதீர்கள். நானும் செய்வதில்லை.)

அடுத்து சால்ட்ரிங் அயன். 25 வாட் அயன் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இது என்னடி சூட்டுக்கோலு? பொட்டப்புள்ள கையில வெச்சிருக்கிற சாமானா இது? நாளைக்கு வர்றவன் சோறாக்கத் தெரியுமான்னு கேப்பானா, ஈயம் வெக்கத் தெரியுமான்னு கேப்பானா?” என்றார். நான் பதில் பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து இரண்டு கம்பிகளை ஒட்ட ஆரம்பித்தேன். ஈயம் உருகி உருண்டையாகித் தரையில் விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்த ஆயாவுக்குப் பொறுக்கவில்லை. “அழுக்குப் போவாம ஈயம் எப்படி ஒட்டும்? அந்தக் காலத்துல ஈயம் பூசறவர் தெருவுக்கு வருவார். பித்தளைப் பாத்திரத்தைக் காய்ச்சி நவச்சாரத்தைத் தூவி, அப்புறந்தான் ஈயத்தைத் தேய்ப்பார்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இயற்பியல் ஆசிரியை கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடத்தை எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயா சொல்கிறார்! செம்பின் மேல் ஆக்சைடு படலம் இருக்கும்வரை ஈயம் பிடிக்காது. அந்தப் படலத்தை நீக்குவதே பேஸ்டின் வேலை. பாத்திரத்துக்கு நவச்சாரம் சரி. மின்சுற்றில் போட்டால் அது கம்பியை அரித்துவிடும். ஆகவே நாம் பயன்படுத்துவது பைன் மரத்துப் பிசினான ரோசின். கம்பியைப் பிளேடால் சுரண்டி, ரோசின் தொட்டு, முதலில் கம்பியைச் சூடாக்கி, அதன்மேல் ஈயத்தை வைத்தேன். தண்ணீர் போல் ஓடிப் பளபளவென்று பிடித்துக்கொண்டது. அதன்பிறகு நான் ஈயம் வைக்கும்போதெல்லாம் ஆயா மேற்பார்வையாளர். மங்கிப்போன ஒட்டைக் கண்டால், “இது நிக்காது, எடுத்துட்டு வை” என்பார். அவர் சொன்னது ஒருமுறையும் தவறியதில்லை.

இனி மல்டிமீட்டருக்கு வருவோம். மின்சாரத்தைக் கண்ணால் காண முடியாது. கையால் தொட்டுப் பார்க்கவும் கூடாது! ஆகவே மீட்டர்தான் நமக்குக் கண்ணும் கையும். ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் கருவியை உருவாக்கியவர் டொனால்ட் மகாடி என்னும் ஆங்கிலேயர். அஞ்சல் துறையில் பொறியாளராக வேலை பார்த்தவர். தொலைபேசிக் கம்பிகளைச் சரிபார்க்கப் பல கருவிகளைச் சுமந்து திரிய அலுத்துப்போய் இதைச் செய்தாராம். 1923-இல் விற்பனைக்கு வந்த அதன் பெயர் ‘அவோ மீட்டர்’, மூன்று அளவுகளின் ஆங்கில முதலெழுத்துகள். பெரியப்பா வைத்திருந்தது நாசிக்கில் தயாரான மோட்வானே மீட்டர். கறுப்புப் பெட்டி, கண்ணாடிக்குள் ஊசி. இரண்டு மாத வருமானத்தைச் சேர்த்து வைத்து 1984-இல் வாங்கியது. நான் வாங்கியதோ இருநூறு முந்நூறு ரூபாய்க்கு எங்கும் கிடைக்கும் மஞ்சள் நிற டிஜிட்டல் மீட்டர்.

ஒரு நாள் பெரியப்பா ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றையும் 100 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டையும் என்னிடம் கொடுத்தார். “ரெண்டையும் வரிசையா போட்டு நடுவுல எவ்வளவு வோல்ட்னு சொல்லு பாப்பா” என்றார். இதென்ன கணக்கு? சமமான இரண்டு தடைகள், ஆகவே பாதி, 4.5 வோல்ட் என்றேன். “அளந்து பாரு” என்றார். அவருடைய மீட்டரைப் 10 வோல்ட் அளவையில் வைத்து அளந்தேன். ஊசி 3.6-இல் நின்றது! என் மஞ்சள் மீட்டரில் அளந்தேன். ஏறக்குறைய 4.3. இரண்டில் எது பொய் சொல்கிறது?

இரண்டுமேதான். பெரியப்பாவின் மீட்டர் முகத்தில் ‘வோல்ட்டுக்கு 20,000 ஓம்’ என்று எழுதியிருக்கும். அப்படியானால் 10 வோல்ட் அளவையில் அந்த மீட்டரே இரண்டு லட்சம் ஓம் மின்தடையாகி, நாம் அளக்கும் தடைக்கு இணையாக உட்கார்ந்துகொள்கிறது. ஒரு லட்சமும் இரண்டு லட்சமும் இணையானால் 67 ஆயிரம் ஓம்தான் தேறும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 3.6 வோல்ட் வரும். என் மஞ்சள் மீட்டரின் உள்தடை பத்து லட்சம் ஓம். அதனால் அது சொல்லும் பொய் சின்னது. நல்ல விலையுள்ள டிஜிட்டல் மீட்டர்களுக்கு ஒரு கோடி ஓம் இருக்கும், அவை 4.48 என்று காட்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளி நம் சாப்பாட்டில் பங்கு கேட்பது போல, அளக்க வந்த கருவி அளக்கப்படும் மின்சாரத்திலேயே கொஞ்சம் குடித்துவிடுகிறது! “விலை உசந்த மீட்டர் வாங்கறது அப்புறம். உன்கிட்ட இருக்கிற மீட்டர் எவ்வளவு குடிக்கும்னு மொதல்ல தெரிஞ்சுக்க” என்றார் பெரியப்பா. மீட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல புத்திமதியை நான் எங்கும் கேட்டதில்லை.

மலிவு மீட்டரில் பொய்யைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. அதன் 10 ஆம்பியர் துளைக்குப் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. மீட்டரின் மீதே அப்படி எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. சிவப்புக் கம்பி அந்தத் துளையில் இருக்கும்போது சுவர் பிளக்கில் வோல்ட் அளக்கப் போனால் அது நேர் ஷார்ட்! பெரியப்பா கடைக்கு இப்படி வெடித்த மீட்டர் ஒன்று வந்தது. பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு மூலையே இல்லை. கொண்டுவந்தவருடைய கட்டைவிரலிலும் கட்டு. ஆகவே என் மஞ்சள் மீட்டர் பேட்டரி வேலைக்கு மட்டுமே. சுவர் மின்சாரத்துக்கு வேண்டுமானால் ஃபியூஸும், ‘கேட் 3’ என்னும் பாதுகாப்புத் தரமும் உள்ள மீட்டர்தான் வாங்க வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது தவறு.

2024-இல் பெரியப்பாவுக்குக் கண்பார்வை குறைந்தது. தொழிலும் குறைந்துவிட்டது. இப்போதைய தொலைக்காட்சியில் பழுதென்றால் பலகையையே மாற்றிவிடுகிறார்கள். ஈயம் வைத்துப் பார்ப்பவர் யார்? கடையை மூடுவது என்று முடிவாயிற்று. அப்போதுதான் மோட்வானே மீட்டர் யாருக்கு என்ற பேச்சு எழுந்தது. பாலிடெக்னிக்கில் படிக்கும் அண்ணனுக்குத்தான் என்று உறவினர் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். “அவ இன்னொரு வீட்டுக்குப் போறவ. மீட்டரும் அவ கூடப் போயிடும்” என்றார் அத்தை. அண்ணன் நல்லவன், எனக்குப் போட்டியாக ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் அவனுக்குக் கைப்பேசி நிரல் எழுதுவதில்தான் நாட்டம். அந்த மீட்டர் அவன் அலமாரியில் தூங்கும் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் அன்றிரவு அழுதேன் என்று எழுதினால் நன்றாயிருக்கும், அழவில்லை. பாரதி பிரசாத் என்னும் பெண்மணியைப் பற்றி ஆயாவுக்குச் சொன்னேன். 2004 டிசம்பரில் அமெச்சூர் வானொலிக் குழு ஒன்றைத் தலைமை தாங்கி அந்தமானுக்கு அழைத்துச் சென்றவர் அவர். போர்ட் பிளேரில் கருவிகளை நிறுவி உலகெங்கும் உள்ள ஆர்வலர்களோடு பேசிக்கொண்டிருந்தார். டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசிகள் செத்தன. அப்போது அவர் குழுவின் வானொலிக் கருவிகள்தாம் தீவுகளில் இருந்தவர்களின் செய்தியை வெளியே கொண்டுபோயின. பொழுதுபோக்குக்கு என்று கொண்டுபோன கருவிகள்! ஆயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவ்ளோ சாமானையும் எப்படித் தூக்கிட்டுப் போனா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மறுநாள் காலையில் பெரியப்பாவிடம் போய் என்ன பேசினாரோ, எனக்குத் தெரியாது.

மாலையில் பெரியப்பா என்னைக் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். “மீட்டரை உனக்குச் சும்மா தரமாட்டேன். சும்மா குடுத்தா நாளைக்கு யாராச்சும் கேப்பாங்க. முந்நூறு ரூபா எடு” என்றார். என் உண்டியலில் இருந்தது இருநூற்று எழுபது. மீதி முப்பதை ஆயா முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பெரியப்பா கடையின் ரசீதுப் புத்தகத்தை விரித்து, கார்பன் தாள் வைத்து, என் பெயர் எழுதி, ‘பழைய மல்டிமீட்டர் ஒன்று, ரூ.300, பணம் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்திட்டார். அந்தப் புத்தகத்தில் அவர் கிழித்த கடைசி ரசீது அதுதான். அத்தை வந்தபோது அந்த ரசீதைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மோர் கேட்டார்.

சரி, ஆசிலாஸ்கோப் கதை. மீட்டர் ஓர் எண்ணைத்தான் சொல்லும். அலை எப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் படமாகக் காட்டுவது ஆசிலாஸ்கோப், அதாவது அலைகாட்டி. 1897-இல் ஃபெர்டினாண்ட் பிரவுன் செய்த கேத்தோடு கதிர்க்குழாய் இதற்கு மூதாதை. வெகுகாலம் இது பெரிய ஆய்வுக்கூடங்களின் சொத்தாகவே இருந்தது. அமெரிக்காவில் ஹீத் என்னும் நிறுவனம், இரண்டாம் உலகப் போர் முடிந்து படைகள் கழித்துவிட்ட உதிரி உறுப்புகளை வாங்கி, 1947-இல் ஐம்பது டாலருக்கு மேற்படாமல் ஓர் அலைகாட்டியை விற்றது. எப்படி? பெட்டிக்குள் உறுப்புகளும் விளக்கப் புத்தகமும் மட்டுமே இருக்கும், ஈயம் வைத்துப் பூட்டுவது வாங்கியவர் பாடு! நாங்கள் வாங்கியதும் அதே வழியில்தான். டி.எஸ்.ஓ. 138 என்னும் சிறிய உதிரித் தொகுப்பு, உள்ளங்கையளவு திரை. நான்கு பேர், மாதம் நூறு ரூபாய் சீட்டு, ஐந்து மாதத்தில் இரண்டாயிரம். எங்கள் அம்மாக்கள் சீட்டுப் போட்டுப் பாத்திரம் வாங்குவதில்லையா? அது போலத்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் திண்ணையில் அமர்ந்து, ஆயாவின் மேற்பார்வையில் பூட்டினோம்.

வானொலியின் ஒலிபெருக்கிக் கம்பியில் மாட்டியபோது, பாடகியின் குரல் திரையில் வளைந்து நெளிந்து ஓடியது. நால்வரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கோழி பறந்தது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. 200 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இது ஒழுங்காகக் காட்டாது. குரலையும் பாட்டையும் பார்க்கலாம். வானொலிப் பெட்டிக்குள் ஓடும் 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அலையைப் பார்க்க முடியாது.

இங்கேதான் பெரியப்பாவின் விதி என்னைக் கைவிட்டது. ஆயாவின் பழைய வானொலியில் நிலையங்கள் ஒன்றோடொன்று கலந்து கேட்கின்றன. அதைச் சீர்செய்ய, 455 கிலோஹெர்ட்ஸ் அலையைத் துல்லியமாக உண்டாக்கும் சிக்னல் ஜெனரேட்டர் வேண்டும். மூர் மார்க்கெட்டிலிருந்து சாக்கில் வந்ததே, அது! கடையை மூடியபோது எனக்கு அதனால் ஒரு வேலையும் இருக்கவில்லை. வேலை வந்து கதவைத் தட்டவில்லை. ஆகவே, விதிப்படி, அது மற்றச் சாமான்களோடு பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ரிச்சி தெருவில் புதிது கிடைக்கும், விலைதான் எங்கள் சீட்டுக்கு எட்டாது. பழைய கருவிகள் நம் தேவைக்காகக் காத்திருக்குமா, தோழியரே?

போன வாரம் நானும் அண்ணனும் சைக்கிளில் போய்ப் பார்த்தோம். இன்னும் இருக்கிறது. முன்பக்கத்துக் குமிழ் ஒன்று இல்லை, வால்வுகள் உடையவில்லை. கடைக்கார அண்ணன் தராசில் ஏற்றினார், பதினொன்றரைக் கிலோ. உள்ளே டிரான்ஸ்பார்மரில் செம்பு இருக்கிறது என்று சொல்லி அறுநூறு ரூபாய் கேட்கிறார். சீட்டுப் பணம் நானூறு தையில்தான் என் முறைக்கு வரும். மீதி இருநூறுக்கு ஆற்றுத் திருவிழாவுக்கு அம்மா கொடுக்கும் காசு இருக்கிறது. அதுவரை மழை படாமல் உள்ளே எடுத்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். உள்ளே இடமில்லையாம். கோணிச் சாக்குப் போட்டு மூடி, அதன்மேல் ஒரு தகரத்தையும் வைத்திருக்கிறார்.